ஒரு டீயா, இரண்டு டீயா? அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரைத் தேடும் தளங்களில் எதற்குக் காசு கொடுக்கலாம்

ஹாலந்து சாலையிலிருந்து உள்ளே போனால், ரிடவுட் சாலைப் பக்கமாக, பெரிய மரங்களுக்கு நடுவே சுவெட்டன்ஹாம் (Swettenham) சாலை இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் இதே பெயர் வேறோர் இடத்திலும் கிடைக்கும். தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில், பழுப்பேறிய பயணத் தாளில், ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ என்றிருக்கும். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர்களுக்குப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் வந்த துறைமுகம் அது. 1972-ல் அதைக் கிள்ளான் துறைமுகம் என்று மாற்றினார்கள்.

துறைமுகத்துக்குப் பெயர் தந்தவர் சர் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். 1871-ல் இளநிலை அதிகாரியாகச் சிங்கப்பூர் வந்து, 1901 முதல் 1904 வரை நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த ஆட்சிப் பகுதி) ஆளுநராக இருந்தவர். அவர் குடும்பத்துக்குப் பெயர் தந்தது இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் காங்கிள்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். அந்தச் சிற்றூருக்குப் பெயர் தந்தவன் ஸ்வேட்டா என்ற பழைய ஆங்கிலேயன். ஆள் பெயர் ஊராகி, ஊர் பெயர் ஆளாகி, கடைசியில் துறைமுகமாகி, இன்று ஒரு சாலைப் பலகையில் நிற்கிறது.

மரபுநடை வழிகாட்டிகள், பள்ளித் திட்டவேலைக்கு உதவும் ஆசிரியர்கள், யுரேஷிய உறவு உள்ள குடும்பங்கள் என்று இப்படிப்பட்ட பெயர்களைத் தேடுபவர்கள் இங்கே கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலோர் நேராக ஒரு கட்டணத் தளத்தில் கடன் அட்டை எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அது தலைகீழான வரிசை. ஸ்மித், டெய்லர் போன்ற பெயராக இருந்தால் கட்டணத் தளம் இல்லாமல் தேற முடியாது. அரிய பெயருக்கு ஆட்களே குறைவு. ஒவ்வொரு பதிவையும் கையால் எண்ணிவிடலாம், அந்த எண்ணிக்கைக்கு வேண்டிய அட்டவணைகள் இலவசம். கணக்கை முடித்துவிட்டு, ஆவணத்தின் படம் தேவைப்படும்போது மட்டும் காசு எடுக்கலாம். கீழே உள்ள மதிப்பீடு முழுக்க ‘சுவெட்டன்ஹாம்’ என்ற ஒரே பெயரை உரைகல்லாக வைத்து எழுதியது.

தளத்தைத் திறக்கும் முன்

அரியக்குடி, செம்மங்குடி என்று வித்வான்கள் ஊர்ப் பெயரைச் சுமந்தது நமக்குத் தெரியும். செம்மங்குடிக்குள்ளேயே இருப்பவரை யாரும் ‘செம்மங்குடி’ என்று கூப்பிடப் போவதில்லை. ஊரை விட்டு வெளியே வந்தால்தான் ஊர் பெயராகிறது. ஆங்கில ஊர்வழிக் குடும்பப் பெயர்களில் பெரும்பகுதி இப்படி ஒட்டிக்கொண்டவைதான். ஒரு வித்தியாசம், நம்மவர்களின் ஊர்ப் பெயர் பேரனிடம் மாறிவிடலாம், அவர்களுடையது இடைக்காலத்திலேயே பரம்பரையாக இறுகிவிட்டது. ஆகவே ஊரை மையமாக வைத்து, அதைச் சுற்றி ஒருநாள் நடைதூரத்தில் உள்ள சந்தை ஊர்களில் முதலில் தேட வேண்டும். ஊருக்குள் அதே பெயருடன் நிலைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அந்த நிலத்தின் உடைமைக் குடும்பம். சுவெட்டன்ஹாமிலும் அப்படி ஒரு குடும்பம் இருந்தது.

பெயரின் பின்பாதி ‘ஹாம்’. நம் ஊர், குடி, பாடி போல அது குடியிருப்பைக் குறிக்கலாம். ஆற்று வளைவில் நீர் சூழ்ந்த நிலத்துக்கும் கிட்டத்தட்ட அதே ஒலியில் ஒரு பழஞ்சொல் உண்டு. ஊரை ஒட்டி டேன் ஆறு வளைந்து வளைந்து ஓடுவதால் இரண்டு பொருளுமே பொருந்துகிறது. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஊர்ப் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது.

தேடலுக்குப் பொருளைவிட முக்கியமானது உச்சரிப்பு. நாம் ‘ஹாம்’ என்று அழுத்திச் சொல்கிறோம். டாட்டன்ஹாம் என்று எழுதுவதை லண்டன்காரர் ‘டாட்னம்’ என்று விழுங்குவது போல, செஷயர்க்காரர் வாயில் இது ‘ஸ்வெட்னம்’ ஆகிவிடும். பாதிரியாரோ பதிவாளரோ காதில் விழுந்ததை எழுதினார். அதனால் ஒரே குடும்பம் இரண்டு டீ போட்டும், ஒரு டீ போட்டும், ஹெச் இல்லாமலும், நடுவில் இ இல்லாமலும் ஏட்டில் வரும். காங்கிள்டனை அடுத்த சோமர்ஃபோர்ட் பூத்ஸ் மாளிகைக் கிளை தன் பெயரை ஒற்றை டீயோடுதான் எழுதிவந்தது. இரண்டு டீ மட்டும் போட்டுத் தேடினால் ஒரு முழுக் கிளையே கைநழுவும். தேநீர்க் கடையில் ‘தே ஓ’ கேட்டுவிட்டுப் பால் இல்லையே என்று கோபித்துக்கொள்வது மாதிரி, பிழை கேட்டவரிடம்தான்.

ஃப்ரீபிஎம்டி: முதல் நாள் இதிலேயே போகட்டும்

இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. அதன் அட்டவணைகளைத் தொண்டர்கள் வரிவரியாகத் தட்டச்சிட்டு வைத்திருக்கும் தளம் ஃப்ரீபிஎம்டி. கணக்குத் தொடங்க வேண்டாம், அட்டை எண் வேண்டாம். முகப்பைப் பார்த்தால் இருபது வருடத்துக்கு முந்தைய தளம் போல இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அரிய பெயர் ஆய்வுக்கு இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது.

பெயரை இட்டு, ‘பிறப்பு’ மட்டும் தேர்ந்தெடுத்து, 1837 முதல் 1851 வரை வரம்பு கொடுங்கள். ரயில் வந்து ஆட்களை முழுதாகக் கலைத்துப்போடுவதற்கு முந்தைய பரவலுக்கு அருகில் போக இந்தப் பதினைந்து ஆண்டுகள் போதும். ஒவ்வொரு வரியிலும் பதிவு மாவட்டம் (காங்கிள்டன் போன்ற சிறு வட்டம்), தொகுதி எண், பக்க எண் வரும். 1851 வரை தொகுதி எண் ரோமன் எழுத்தில் இருக்கும். செஷயருக்கும் டார்பிஷயருக்கும் அப்போது ஒரே எண், 19. 1852 முதல் செஷயர் 8ஏ என்றும் டார்பிஷயர் 7பி என்றும் பிரிந்துவிடும். மாவட்டத்தின் பெயர் மங்கலாகத் தட்டச்சாகியிருந்தால் தொகுதி எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். காங்கிள்டன் என்று எழுதி 7பி என்று இருந்தால் இரண்டில் ஒன்று தவறு. பக்கத்தில் உள்ள மூக்குக்கண்ணாடிச் சின்னத்தை அழுத்தினால் மூல அட்டவணையின் படமே திறக்கும்.

அடிக்கடி இடறும் இடம் காலாண்டு. அட்டவணை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று நான்காக இருக்கும். அது பதிவு செய்த காலாண்டு, பிறந்த காலாண்டு அல்ல. குழந்தை பிறந்து 42 நாள்வரை பதிவு செய்ய அவகாசம் இருந்தது. ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் டார்பிஷயரின் பெல்பரில் 1850 மார்ச் 28-ல் பிறந்தவர். மார்ச் காலாண்டு முடிய மூன்றே நாள். இப்படிப்பட்ட பிறப்பை ஜூன் காலாண்டிலும் பார்க்காமல் ‘இல்லை’ என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு குழி, ஒலிவழித் தேடல். எழுத்து வேறுபாடுகளையெல்லாம் ஒரே சொடுக்கில் பிடித்துவிடலாம் என்று அந்தப் பெட்டியில் குறியிடுவார்கள். அதன் பின்னால் ஓடுவது சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் ஹெச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் தள்ளிவிட்டு, மீதி மெய்களுக்கு எண் கொடுக்கும். டீ-க்கு 3, என், எம் இரண்டுக்கும் 5. சுவெட்டன்ஹாம் என்பது எஸ்-355 ஆகும். ஸ்வெட்னமும் எஸ்-355, நல்லது. ஆனால் ஸ்வீட்மேனும் எஸ்-355. ஸ்டோன்ஹாமும் எஸ்-355. ஸ்வீட்மேன் என்பது ஊர்ப் பெயரே அல்ல, ஒரு பழைய ஆள் பெயரிலிருந்து வந்தது, அயர்லாந்திலும் வேரூன்றியது. ஸ்டோன்ஹாம் வேறு ஊர்களின் பெயர். ஒலிவழித் தேடலின் முடிவை அப்படியே எண்ணினால் உங்கள் அரிய பெயர் ஒரே நாளில் பெருங்குடும்பமாகிவிடும்! ஒலிவழித் தேடலை எந்தெந்த எழுத்து வடிவங்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக, சரிநிகர்த் தேடலில் ஓட்டுங்கள். ஸ்வீட்னம் என்று இரண்டு இ போட்ட வடிவம் அயர்லாந்தின் மேற்குக் கார்க் பகுதியிலும் உண்டு. அந்நாட்டுப் பதிவுகளை ஐரிஷ் அரசின் இலவசத் தளத்தில்தான் பார்க்க வேண்டும், இங்கே வராது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பிறப்பைப் பதியாவிட்டால் அபராதம் என்பது 1875-ல்தான் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எண்ணிக்கை கொஞ்சம் குறைச்சலாகவே இருக்கும். இது தளத்தின் தவறல்ல, மூலத்தின் தவறு. 1870-களின் பின்பாதியில் பெயர் ‘திடீரென்று பெருகியது’ என்று யாராவது எழுதியிருந்தால் நம்புவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செஷயர்ப் பெயர் என்பதால் செஷயர்பிஎம்டி என்ற வட்டாரத் தளத்தையும் பக்கத்திலேயே திறந்து வையுங்கள். தேசிய அட்டவணை, உள்ளூர்ப் பதிவாளர் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பிய நகலிலிருந்து செய்தது, அதாவது நகலின் நகல். வட்டாரத் தளம் உள்ளூர் ஏட்டிலிருந்தே எடுத்தது. தேசிய அட்டவணையில் விழுந்துபோன பதிவு இதில் இருக்கலாம், திருமணம் நடந்த தேவாலயமும் தெரியும். ஆனால் இதன் குறிப்பெண்ணைப் பொதுப் பதிவு அலுவலகம் உள்ள சவுத்போர்ட்டுக்கு எழுதிப் பயனில்லை. உள்ளூர்ப் பதிவகத்துக்கு மட்டும்தான் அது செல்லும்.

ஜிஆர்ஓ: மூன்று பவுனுக்கு மோசமில்லை

பொதுப் பதிவு அலுவலகமான ஜிஆர்ஓவின் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் அதன் சொந்த அட்டவணையைப் பார்க்கலாம். தேடுபெட்டி எரிச்சலூட்டும். ஆணா பெண்ணா என்று ஒவ்வொரு முறையும் கேட்கும், ஒரு நேரத்தில் சில ஆண்டுகளைத்தான் தேடவிடும். ஒரு நூற்றாண்டைக் கடக்கச் சலிப்பு தட்டிவிடும். ஆனாலும் கடந்தே தீர வேண்டும், காரணம் ஒன்றே ஒன்று. பழைய அச்சு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஜிஆர்ஓ அதை 1837 வரை பின்னோக்கிக் கொடுத்திருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம்? பரவலைக் கணக்கிடும்போது குழந்தைகளை எண்ணுவது ஏமாற்றும். பத்துப் பிள்ளை பெற்ற ஒரே தம்பதி ஒரு மாவட்டத்தைக் ‘குடும்பத்தின் தாயகம்’ போலக் காட்டிவிடுவார்கள். தாயின் குடும்பப் பெயர் தெரிந்தால் பிறப்புகளைத் தம்பதி தம்பதியாகக் கட்டுப் போடலாம். கணினியில் ஒரு விரிதாள் போதும். ஆண்டு, காலாண்டு, மாவட்டம், குழந்தை பெயர், தாயின் குடும்பப் பெயர், எழுத்து வடிவம் என்று ஆறு நிரல். தாயின் பெயர்ப்படி வரிசைப்படுத்துங்கள், பிறகு மாவட்டப்படி. எத்தனை தம்பதிகள், எங்கெங்கே என்று அப்படியே விழும். எழுத்து வடிவ நிரலைத் தவறவிடாதீர்கள். ஒரே தாய்ப்பெயரோடு மூத்த பிள்ளை இரண்டு டீயும் இளைய பிள்ளை ஒற்றை டீயுமாக வந்தால், இரண்டு வடிவமும் ஒரே வீடு என்பதற்கு அதுவே சான்று. தாய்ப்பெயர் இடத்தில் வெறும் கோடு இருந்தால் பெரும்பாலும் மணமாகாத தாய். அந்தக் குழந்தை தாயின் குடும்பப் பெயரைத்தான் சுமக்கிறது, ஆகவே ஆண்வழிக் கிளையாக எண்ணக் கூடாது.

விலை விவரம், இதை எழுதும் நேரத்தில்: பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளின் மின்படம் 3 பவுன், பிடிஎஃப் 8 பவுன், தாள் சான்றிதழ் 12.50 பவுன். நம் காசில் ஏறக்குறைய 5, 14, 22 சிங்கப்பூர் வெள்ளி. ஆய்வுக்கு மின்படமே போதும். அதில் தந்தையின் தொழிலும், பிறந்த இடமும், தகவல் சொன்னவர் யார் என்பதும் இருக்கும். திருமணத்துக்கு மின்படமோ பிடிஎஃபோ கிடையாது, தாள்தான் வாங்க வேண்டும். தபாலுக்கும் காத்திருக்க வேண்டும். பிடிஎஃப் வந்ததும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கணக்கிலேயே காலத்துக்கும் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

1881-ம் வண்ண வரைபடங்களும்

1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். தேடும்போது ‘சரிநிகர்’ என்ற பெட்டியில் குறியிடாவிட்டால் தொடர்பில்லாத ஆயிரம் பெயர்களைக் கொண்டுவந்து கொட்டும். இந்தக் கணக்கின் அருமை பிறந்த இடத்துக்கான நிரல்தான். சால்ஃபர்டில் குடியிருப்பவர் காங்கிள்டனில் பிறந்தவர் என்றால், மான்செஸ்டர் ஆலைகளை நோக்கி நடந்த இடப்பெயர்வு ஒரே வரியில் தெரிந்துவிடும். சுவெட்டன்ஹாம் ஊர் ஸ்டாஃபர்ட்ஷயர் எல்லைக்கு அருகில் இருப்பதால் தெற்கே ஸ்டோக் மண்பாண்ட ஊர்களையும், கிழக்கே மேக்கிள்ஸ்ஃபீல்டு பட்டு ஆலைகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அன்றிரவு நாட்டில் இருந்தவர்கள்தான் இதில் வருவார்கள். கடல் கடந்து வேலைக்குப் போனவர்கள் வரமாட்டார்கள். பெயரைப் புகழ்பெறச் செய்தவரே மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர் என்னும்போது, புகழையும் பரவலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

இனி வரைபடத் தளங்கள். பெயரை இட்டால் இங்கிலாந்து வரைபடத்தைச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூசிக் காட்டும் சேவைகள் நிறைய. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தை வைத்துத்தான் நிறம் பூசுகிறார்கள். பரவலான பெயருக்கு இது சரி. அரிய பெயருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1881-ல் ரட்லண்ட் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 21,400. லங்காஷயருக்குச் சுமார் 34.5 லட்சம். ஏதோ ஓர் அரிய பெயருடையவர்கள் லங்காஷயரில் 300 பேர், ரட்லண்டில் அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள் என ஒரே வீட்டில் 6 பேர் என்று வைத்துக்கொள்வோம். லங்காஷயரின் விகிதம் லட்சத்துக்கு 9-க்குள். ரட்லண்டுக்கு 28. வரைபடத்தில் ரட்லண்ட் செக்கச்செவேல் என்று எரியும், லங்காஷயர் வெளிறிக் கிடக்கும். வேலைமாற்றலில் போன ஒரு ரயில்வே ஊழியரின் வீடு, ‘பூர்வீகம்’ என்று பட்டம் கட்டிக்கொள்ளும்.

அதனால் வரைபடம் தரும் எந்தச் சேவையிலும் முதலில் பார்க்க வேண்டியது, விகிதத்தோடு தலைக்கணக்கையும் காட்டுகிறதா என்பதை. 1881 கணக்கை வைத்துச் செய்த, கணினியில் நிறுவிக்கொள்ளும் பிரிட்டிஷ் சர்நேம் அட்லஸ் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும். மாவட்ட அளவோடு நிற்காமல், ஏழையர் சட்ட ஒன்றியம் என்ற சிறு வட்டம் வரை இறங்கும். பார்க்க அழகில்லாத மென்பொருள், ஆனால் நேர்மையானது. உலக நாடுகள் அனைத்திலும் இத்தனை பேர் என்று துல்லியமாகச் சொல்லும் தளங்களை வேடிக்கை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். அரிய பெயருக்கு அந்த எண்கள் தலைகளை எண்ணி வந்தவை அல்ல, மதிப்பீட்டில் பெருக்கி வந்தவை.

கட்டணத் தளம்: ஒரு மாதம் போதும்

ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி இரண்டில் செஷயர்ப் பெயருக்கு எது என்றால் ஃபைண்ட்மைபாஸ்ட். செஷயர் தேவாலயப் பதிவேடுகளின் படங்கள் அதில் இருக்கின்றன. அட்டவணை எழுதியவர் எம்-ஐ ஆர்-என் என்று படித்திருந்தாலும் படத்தைப் பார்த்து நாமே திருத்திக்கொள்ளலாம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1-ல்தான் நேரடி முடியாட்சிக் காலனியாயின. அதற்கு முன் இந்திய ஆட்சியின் கீழ் இருந்ததால் இங்கே நடந்த ஆங்கிலேயர் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனின் இந்திய அலுவலக ஆவணங்களுக்குள் போயின. அந்தத் தொகுப்பும் இந்தத் தளத்தில் தேடக் கிடைக்கிறது. சிங்கப்பூரில் பிறந்த குழந்தையை ஃப்ரீபிஎம்டியில் தேடி மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். மேலே சொன்ன விரிதாள் தயாராக இருந்தால், எந்தெந்தப் படம் வேண்டும் என்ற பட்டியலோடு உள்ளே போய் ஒரு மாதத்தில் வெளியே வந்துவிடலாம். சந்தா தானாகப் புதுப்பிக்கும் வகை என்பதால், சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் கட்டிய காலம் வரை பார்க்கலாம். பணம் கட்டும் பக்கத்தில் ‘சிங்கப்பூர் வெள்ளியில் கட்டவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பவுனிலேயே கட்டுவது பெரும்பாலும் மலிவு. அப்படியும் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமாகச் சுமார் 3 விழுக்காடு எடுக்கும். வெளிநாட்டு மின்சேவைகளுக்கும் இங்கே பொருள் சேவை வரி உண்டு என்பதால், இங்கு வரிக்குப் பதிவு செய்த நிறுவனமாக இருந்தால் 9 விழுக்காடு கூடும். விளம்பரத்தில் பார்த்த விலைக்கும் அட்டைக் கணக்கில் விழும் விலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மக்கள்தொகைக் கணக்குகளைப் பொறுத்தவரை 1841 முதல் 1921 வரை கிடைக்கும். 1931-ன் ஏடுகள் 1942-ல் தீயில் போயின, 1941-ல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29 நிலவரப்படி எடுத்த பதிவேடு.

1837-க்கு முன்னால் போகிறவர்களுக்கு

தேவாலயப் பதிவேடுகள் 1538-ல் தொடங்குகின்றன. எல்லா ஊரிலும் அன்றிலிருந்தே எஞ்சியிருக்காது. அதற்கும் பின்னால் போனால், பல குடும்பப் பெயர்களின் இடைக்காலப் பரவலை 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களை வைத்துச் சொல்வார்கள். செஷயர்ப் பெயருக்கு இங்கேதான் பெரிய பொறி. செஷயர் அன்று தனி அதிகாரம் கொண்ட சிறப்புப் பிரதேசம், அரசரின் பொதுவரி வலைக்குள் அது வரவில்லை. தலைவரிப் பட்டியலிலும் அதற்கு முந்தைய மானிய வரிப் பட்டியலிலும் செஷயர் இருந்த இடம் வெற்றிடம். தேடுபெட்டியில் ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தால் பெயர் இல்லை என்று பொருளல்ல, மாவட்டமே இல்லை. அதைவிட மோசம், பக்கத்து ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒருவர் அகப்பட்டுவிட்டால் பெயரே அங்கே பிறந்தது என்று எழுதிவிடுவார்கள். செஷயருக்கு மாற்று, செஸ்டர் பிரதேச நிர்வாகத்தின் நீதிமன்ற, நில ஆவணங்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘செஸ்’ என்ற வரிசையில் இருக்கின்றன. பட்டியலை இங்கிருந்தே இலவசமாகத் தேடலாம், ஏடுகள் லத்தீனில். செஷயர் ஆவணக் காப்பகத்தின் உயில் அட்டவணை அதைவிடச் சுலபமானது, எழுத்து வடிவங்களின் கலவையைப் பார்க்கவும் அருமையான இடம்.

வேறு யாராவது உங்கள் பெயரை முன்பே எடுத்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களா என்று பார்க்க, 1979-ல் தொடங்கிய ஒற்றைப்பெயர் ஆய்வுக் கழகத்தின் தளத்தில் பெயரை இட்டுப் பாருங்கள். பதிவாகியிருந்தால் அந்த ஆய்வாளரைத் தொடர்புகொள்ள வழி இருக்கும். ஆறு மாத வேலையை ஒரு மின்னஞ்சல் மிச்சப்படுத்தலாம்.

குடும்பச் சின்னம் அச்சிட்ட குவளை, சட்டமிட்ட பத்திரம் விற்கும் இணையக் கடைகளைப் பற்றி ஒரு வரி போதும். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் தனி ஆளுக்கும் அவர் நேர்வாரிசுகளுக்கும் உரியது, ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. காசு மிச்சம்.

விக்டோரியா ஸ்திரீட் பக்கம்

கடைசியாக நம்மூர்ச் சேவை. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம், இலவசம், பழைய இதழ்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம். 1845-ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் உட்பட. இலண்டன் தளங்களில் கிடைக்காத இங்குள்ள வாழ்க்கை, பதவி உயர்வு, கப்பல் ஏறிய நாள், விருந்து, வழக்கு எல்லாம் இதில்தான். தரம் முதல் வகுப்பு. ஆனால் இந்தப் பெயரை அப்படியே இட்டுத் தேடினால் துறைமுகம் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வரும். கப்பல் வரத்து, ரப்பர் ஏற்றுமதி, சரக்குக் கட்டணம். உள்ளடக்க வகையில் ‘கட்டுரை’ மட்டும் வைத்துக்கொண்டு விளம்பரங்களைத் தள்ளுங்கள், கப்பல் விளம்பரங்கள் கழன்றுவிடும். துறைமுகம் 1901-ல்தான் திறந்தது, ஆகவே ஆளைத் தேடுபவர்கள் தேதி வரம்பை 1871-லிருந்து 1900 வரை வைத்தால் குப்பை பெருமளவு குறையும்.

அப்போதும் ஓர் ஆள் குழப்பம் மிஞ்சும். சிங்கப்பூர் அரசுப் பணியில் இரண்டு சுவெட்டன்ஹாம்கள் இருந்தார்கள். 1899 டிசம்பரில் ஆளுநர் மிட்செல் இறந்தபின் பொறுப்பை ஏற்றவர் அண்ணன் ஜேம்ஸ் அலெக்சாண்டர். 1901-ல் ஆளுநரானவர் தம்பி ஃபிராங்க். இருவருமே ‘சர்’. அண்ணன் 1904-ல் ஜமைக்காவுக்கு ஆளுநராகப் போனார். இந்த ஆண்டுகளின் செய்தியில் முதல்பெயர் இல்லாமல் ‘சர் சுவெட்டன்ஹாம்’ என்று யாராவது மேற்கோள் காட்டினால் பத்திரிகைப் பக்கத்தையே திறந்து, ‘சர் ஃபிராங்க்’ என்றிருக்கிறதா ‘சர் அலெக்சாண்டர்’ என்றிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய அச்சை இயந்திரம் படித்த எழுத்துரை என்பதால் தேடும் சொல்லையும் கொஞ்சம் சிதைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கடைசி எம் தேய்ந்திருந்தால் ஆர்-என் என்று ஏறியிருக்கும். நடு ஹெச், பீ ஆகவோ எல்-ஐ ஆகவோ மாறியிருக்கும். வரியின் கடைசியில் பெயர் உடைந்து ‘சுவெட்டன்’ ஒரு வரியிலும் ‘ஹாம்’ அடுத்த வரியிலுமாகப் போயிருந்தால் முன்பாதியை மட்டும் இட்டுத் தேடுங்கள். ஒற்றை டீ போட்டும் ஒருமுறை.